மூன்று மீட்டர் ராதிம்

ஓஸ்ட்ராவாவில் நாங்கள் இருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தில் ராதிம் என்று இரண்டு பேர். ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரைப் போட்டு அடிப்பவன். அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் கிடையாது. இன்னொருவன் மூன்று மீட்டர் ராதிம். நான் சொல்ல வந்தது இவனைப் பற்றி. ஆள் என் தோளுக்குத்தான் வருவான். அந்த மூன்று மீட்டர், அவன் வளர்க்கும் மலைப்பாம்புக்கு நாங்கள் போட்ட எல்லை.

ராதிமுக்கு நகரத்தின் வெந்நீர்க் குழாய்களில் வேலை. ஆலையிலிருந்து கட்டடங்களுக்கு வரும் சூடு எங்கே குறைகிறது, எங்கே அடைக்கிறது என்று பார்ப்பது. முப்பது வருடமாக அதே வேலை. எங்கள் வீட்டில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்று குடுகுடுவென்று சத்தம் போட்டால் போதும், கூப்பிடாமலே அதைத் திருகும் சாவியோடு வந்து நிற்பான். காப்பி கொடுத்தால் குடிப்பான். காப்பி நன்றாக இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுவான்.

பொய் அவன் வாயில் வராது. அதுதான் அவனிடம் உள்ள பெரிய தொல்லை. ஒருமுறை நான் தலைக்குச் செம்பட்டைச் சாயம் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். மூன்றாவது மாடி வரைக்கும் பேசாமல் வந்தவன் நாலாவது மாடியில் வாயைத் திறந்தான்.

"லிபுஷேக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுக்கல."

"உன்ன யாராவது கேட்டாங்களாப்பா?"

"கேக்கல. ஆனா நீங்க கண்ணாடியப் பாத்து சிரிச்சீங்க. நானும் கூடவே சிரிச்சேன்னா அது பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

இப்படிப்பட்டவனோடு எந்தப் பெண் குடித்தனம் நடத்துவாள்? அவன் மனைவி பத்து வருடத்துக்கு முன் ஓலமோட்ஸ் ஊர்ப் பல் டாக்டர் ஒருவரோடு போய்விட்டாள். போகும்போது சுவர் முழுக்க நிற்கும் பெரிய அலமாரியை விட்டுவிட்டுப் போனாள். அதை லிஃப்டில் ஏற்ற முடியவில்லை. ராதிம் ஒரு மாதம் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு பீங்கான் தட்டுகள் அடுக்கியிருந்த பலகைகளைக் கழற்றினான், கதவுக்குக் கண்ணாடி போட்டான், மேலே சூடு கொடுக்கும் பலகை வைத்தான், கீழே தண்ணீர்த் தொட்டி வைத்தான். ஒரு சனிக்கிழமை பாம்புச் சந்தைக்குப் போய், துணிப்பையில் விரல் தடிமனில் ஒரு குட்டியோடு வந்தான். அதற்கு பெர்தா என்று பேர் வைத்தான். அவனுடைய முதல் கணக்கு டீச்சரின் பேராம்.

செய்தி ஒரு மணி நேரத்தில் எட்டு மாடியும் ஏறி இறங்கியது. உலகத்திலேயே நீளமான பாம்பு இனமாம், ஆறு மீட்டர் வளருமாம், இவன் நாலுக்கு மூணு அறையில் வைத்திருக்கிறானாம்! நான் ஐந்தாவது மாடி. அவனுக்கு நேர் கீழே. என் தலைக்கு மேலே ஆறு மீட்டர் பாம்பு ஊர்வதை நினைத்து அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

கூட்டம் போட்டோம். எங்கள் கூட்டமெல்லாம் அடித்தளத்தில் துணி காயப்போடும் அறையில்தான் நடக்கும். கொடிகளை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்கொரு நாற்காலி தூக்கிக்கொண்டு போவோம். ராதிம் ஒரு குழாய்ச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னான்.

"பெரிய தீவுகள்ல இருக்கறது ஆறு மீட்டர் வளரும். இவ சுலவேசிக்குத் தெற்கே இருக்கற பொடித் தீவுங்க வம்சம். அங்க பெரிய இரையே கிடையாது. அதனால தலைமுறை தலைமுறையா சின்ன உடம்பா ஆயிடுச்சு. இவ அம்மா ரெண்டரை மீட்டர். நான் நேர்ல பாத்தேன்."

"இன்னிக்கு ரெண்டரைம்பான், நாளைக்கு நம்ம நாய முழுங்கும்" என்றார் தரைத்தள சிரில். அவர் மடியில் குட்டைக்கால் நாய் புரூனோ உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒன்றும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

நான் எழுந்தேன். எழுந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "என் வீட்டுக் கதவத் தொறந்தா ஒரு நடை இருக்கே, அந்த நடையவிட ஒரு விரக்கட நீளமாப் போச்சுன்னா அன்னிக்கே அது வெளிய போகணும், ஆமா!" என்றேன்.

"உங்க நடை எவ்வளவுக்கா நீளம்?" என்று ராதிம் கேட்டான்.

"மூணு மீட்டர்!"

அளந்தா சொன்னேன்? கோபத்தில் வாயில் வந்தது. ராதிம் தலையை ஆட்டினான். "சரி. தாண்டினா நானே கொண்டு போயிடறேன். வருஷா வருஷம் எல்லார் முன்னாடியும் அளப்போம்." அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினார்கள். எழுதினார்கள் என்ன, எழுதியதே நான்தான். எங்கள் கட்டடத்தில் கையெழுத்து உருப்படியாக உள்ளவள் நான் ஒருத்தி.

அப்படித் தொடங்கியதுதான் அளவு நாள். ஒவ்வொரு மார்ச்சும் முதல் சனிக்கிழமை, துணி அறையில். பாம்பை இழுத்து நீட்டி அளக்கக்கூடாது, முதுகெலும்பு கெட்டுவிடும் என்பான் ராதிம். அவள் எப்படி வளைந்து கிடக்கிறாளோ அப்படியே கிடக்க, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை முதுகோடு ஒரு நூலை வைத்துக்கொண்டு போகவேண்டும். பிறகு நூலை அளக்கவேண்டும். முதல் வருடம் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு மீட்டர் இருபது. இரண்டாம் வருடம் யாரோ பீர் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வருடம் நான் கசகசா ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன். பிறகு எத்தனை சென்டிமீட்டர் என்று சரியாகச் சொல்பவருக்கு ஒரு சாக்லேட் பெட்டி என்று ஆயிற்று. சிரில் நாலு தடவை ஜெயித்தார். போன வருடம் பெர்தா இரண்டு மீட்டர் எண்பத்தொன்று.

நடுவில் எனக்கும் அவளுக்கும் எப்படியோ ஒட்டிவிட்டது. ஒருநாள் ராதிம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தான். தூக்குவதற்கு முன், அலமாரிக் கதவைத் திறந்ததும் குடைக்கம்பியால் மெதுவாக அவள் தலையைத் தொட்டான். "இப்படித் தொட்டா சாப்பாடு இல்ல, தூக்கத்தான் போறோம்னு அவளுக்குப் புரியும்" என்றான். பொன்னும் கறுப்புமாகக் கட்டம் போட்ட உடம்பு, வெயில் பட்டால் மேலே ஒரு வானவில் ஓடுகிறது. வழவழவென்று, கதகதப்பாக என் தோளில் ஏறி, காதுப் பக்கத்தில் நாக்கை நீட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கே விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு கூட்டத்தில் யாராவது "பாம்பு" என்றால் "அவளுக்குப் பேரு இருக்கு" என்று பாய்கிற ஆள் நான்தான்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

போன ஏப்ரலில் ராதிமுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மருத்துவமனை, அதன் பிறகு வெந்நீர்ச் சிகிச்சை இல்லம் என்று நாலு மாதம் வெளியே. சாவியை என்னிடம் கொடுத்தான். அலமாரிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தான். தண்ணீர் மாற்றுவது, சூடு பார்ப்பது, ஃப்ரீசரில் உள்ள எலியை எடுத்து வெந்நீரில் போட்டு இளக்குவது, எல்லாம் வரிசையாக. கடைசியில் பெரிய எழுத்தில்: "மூன்று வாரத்துக்கு ஒரு எலி. ஒன்றே ஒன்று. அவள் பார்க்கும் பார்வையை நம்பவேண்டாம்." அதன் கீழே மூன்று கோடு.

நான் இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட உணவகத்தில் சமைக்கிறவள். என் கரண்டிக்கு முன்னால் வந்த பிள்ளை எதுவும் அரை வயிற்றோடு போனதில்லை. அப்படிப்பட்டவளிடமா இப்படி ஒரு காகிதத்தைக் கொடுப்பது? முதல் வாரம் தாங்கினேன். இரண்டாம் வாரம் நான் உள்ளே நுழைந்ததுமே அவள் தலையைத் தூக்கிக் கண்ணாடியோடு என் பின்னாலேயே வந்தாள். நான் இடது பக்கம் போனால் இடது பக்கம். வலது பக்கம் போனால் வலது பக்கம். கண்ணை மூடுவதே இல்லை. பாம்புக்கு இமையே கிடையாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த மாதிரி ஒரு ஜீவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்வேன்? "ஐயோ, என் கண்ணு, பசிக்குதாடி" என்று ஒன்று போட்டேன். ஐந்து நாள் கழித்து இன்னொன்று. ஜூன் மாதம் ஒரே நேரத்தில் இரண்டிரண்டாகப் போட்டேன். எலியை இளக்கி, துடைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போவேன். யாரும் அவளுக்கு இவ்வளவு நன்றாகப் பரிமாறியிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்டில் ராதிம் கைத்தடியோடு வந்தான். ஃப்ரீசரைத் திறந்தான். இரண்டு வருடத்துக்கு வாங்கி வைத்தது, அடியில் நாலு எலிதான் மிச்சம்.

"அக்கா, மத்ததெல்லாம்?"

"கரண்ட் போச்சுப்பா. கெட்டுப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப அவளுக்கு?"

"நீ எழுதினபடிதான். மூணு வாரத்துக்கு ஒண்ணு."

சொல்லிவிட்டேன். வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அன்று மாலை பெர்தாவைத் தராசில் வைத்தான். முகம் சுருங்கியது. மறுபடி வைத்தான். கீழே வந்து என் கதவைத் தட்டினான். "அக்கா, என் தராசு கெட்டுப்போச்சு. எட மூணு கிலோ அதிகமாக் காட்டுது" என்றான். மறுநாளே அந்தத் தராசைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் தராசு வாங்கிவந்தான். அதுவும் அதே எடையைக் காட்டியது. அதற்கும் ஒரு குறை கண்டுபிடித்தான். நான் பொய் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

டிசம்பரில் பெர்தா சட்டை உரித்தாள். முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல். "நாலு மாசம் பாத்துக்கிட்டதுக்கு" என்று ராதிம் அதை எனக்கே கொடுத்தான். நான் அதை என் நடையில் சுவரோடு நீளமாக விரித்துக் குண்டூசி குத்தி வைத்தேன். உள்கதவில் தொடங்கி வாசல் கதவு வரை வந்து, நடை முடிந்தும் அது முடியாமல், வால் பக்கம் ஒரு ஜாண் கதவின் மேல் மடங்கியது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. சமையலறை நாடாவை வைத்து அளந்தேன். மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு.

ஜனவரியில் ரேடியேட்டர்க் கணக்கு எடுக்க ஹெட்விகா வந்தாள். இலையுதிர் காலத்திலிருந்து அவள்தான் குடியிருப்போர் சங்கத் தலைவி. தையல் ஆலையில் முப்பது வருடம் துணி வெட்டினவள். குப்பையில் கண்ணாடியும் காகிதமும் கலந்திருந்தால் யார் வீட்டுக் குப்பை என்று கண்டுபிடித்து மாடியேறி வந்து திருப்பிக் கொடுக்கிற ஜாதி.

"இது என்ன, லிபுஷே?"

"பெர்தாவோட சட்டை!" என்றேன் பெருமையாக. "மூணு நாப்பத்திரண்டு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஹெட்விகா சுவரை மேலும் கீழும் பார்த்தாள். கதவில் மடங்கிய வாலைப் பார்த்தாள். கணக்கை எழுதிக்கொண்டு போனாள். அடுத்த நாள் காலை லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: பிப்ரவரி முதல் சனிக்கிழமை அவசர அளவு, எல்லாரும் வரவும்.

ராதிம் அவள் வீட்டுக்கே போய் விளக்கினான். நானும் பின்னாலேயே போனேன்.

"ஹெட்விகா மேடம், சட்டை எப்பவும் பாம்பவிட நீளந்தான். செதிலுக்கு நடுவுல மடிப்பு மடிப்பா இருக்கும். ஈரத்தோட கழட்டும்போது எல்லாம் விரிஞ்சு இழுபட்டுடும்."

"ராதிம், நான் முப்பது வருஷம் துணி வெட்டினவ. சட்டை உடம்பவிட அரை மீட்டர் நீளமா இருந்தா தச்சவன ஆலையிலேர்ந்து வெரட்டியிருப்போம்."

"தச்சது அவளேதான் மேடம்."

"வெளயாடாதீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. அப்ப அளந்து காட்டுங்க."

அவன் காட்டுகிறேன் என்றுதான் வந்தான். ஆனால் அந்த வாரமே பெர்தாவின் கண்ணில் பால் படர்ந்தது. அடுத்த சட்டைக்கு நாள் நெருங்கினால் அப்படித்தான், கண் நீலம் பாய்ந்து மங்கிவிடும், சரியாகத் தெரியாது, எதைத் தொட்டாலும் பயப்படும். சனிக்கிழமை துணி அறையில் எல்லாரும் நாற்காலியோடு உட்கார்ந்திருக்க ராதிம் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"இப்ப தூக்கிட்டு வர முடியாது. அவளுக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வாரம் குடுங்க."

"இது சாக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"யார்ரா அவன், சாக்குங்கறது?" என்று நான் எழுந்துவிட்டேன். "ஒனக்குக் கண்புரை வந்தப்ப ஒன்னக் கொடியில கட்டி அளந்தாங்களா?" எப்படியோ கத்திக் கூச்சல் போட்டு இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்தேன். அதற்காக என்னை யாரும் பாராட்டவேண்டாம். செய்த பாவத்துக்கு அது வட்டிக்குக்கூடக் காணாது.

கூட்டம் கலையும்போது ராதிம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "மூணு மீட்டர் தாண்டியிருந்தா அவ போவா. நான் குடுத்த வாக்கு. ஆனா தனியா அனுப்ப மாட்டேன். யெசெனிக்ல என் தங்கச்சி வீட்டு மாடி காலியாக் கெடக்கு. நானும் போயிடறேன்."

ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னான். என் தலைக்கு மேலே பத்து வருடமாக அவன் காலடி கேட்டுப் பழகிவிட்டது. காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுவான், ஆறுக்கு அலமாரிக் கண்ணாடியைத் துடைப்பான், ஆறேகாலுக்குக் கெட்டிலை வைப்பான். அவன் போனால் என் காலை என்ன ஆகும்? அவன் போகக்கூடாது, அவ்வளவுதான். அவன் போனால் அதற்கு நான்தான் காரணம்.

அந்த இரண்டு வாரத்தில் மூன்று முறை சொல்லிவிடலாம் என்று மாடியேறினேன். முதல் முறை அவன் அலமாரி முன் தரையில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், "இன்னும் நாலே நாளுதான்டி, பொறுத்துக்கோ" என்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். "சும்மா, எதுக்கும் இருக்கட்டும்" என்றான். மூன்றாம் முறை அவன் வீட்டில் இல்லை. அவன் சாவியை என்னிடம் வைத்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அளவுக்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள் பெர்தா சட்டை உரித்தாள்.

துணி அறையில் அன்று நாற்காலி போதவில்லை. பீர் இல்லை, சாக்லேட் பெட்டி இல்லை. ராதிம் முதலில் புதுச் சட்டையைக் கொடியில் போட்டான். ஹெட்விகா தன் ஆலை நாடாவால் அதை அளந்தாள். மூன்று மீட்டர் ஐம்பத்தொன்று. பிறகு அவன் துணிப்பையை அவிழ்த்தான். பெர்தா புதுத் தோலில் மினுமினுவென்று வெளியே வந்து மேசைமேல் எட்டுப் போல வளைந்து படுத்தாள். ஹெட்விகா மெழுகு போட்ட தையல் நூல் கொண்டுவந்திருந்தாள், அது இழுபடாதாம். மூக்கு நுனியில் ராதிம் பிடித்தான், ஹெட்விகா முதுகோடு விரல் விரலாக நகர்ந்தாள். அவள் அதற்கு முன் பெர்தாவைத் தொட்டதே இல்லை. வாலுக்கு வந்தபோது வால் நுனி அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. ஹெட்விகா கையை இழுக்கவில்லை.

"நூல ராதிமே அளக்கட்டும்" என்றாள்.

அவன் நூலை நாடாவோடு வைத்தான். ஒருமுறை பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான்.

"சட்டை நீளந்தான்னு நான் சொன்னது சரி" என்றான். "கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம். ஆனா இவ மூணு மீட்டர் நாலு. தாண்டிட்டா."

நாலு சென்டிமீட்டர்! யாருக்கும் தெரிந்திருக்காது. கட்டை விரலை நூலில் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும். அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், மடையன். சிரிலின் மடியில் புரூனோ ஒருமுறை முனகியது.

நான் எழுந்தேன். இந்த முறை சத்தம் வரவில்லை.

"ராதிம், கரண்ட் போகல."

"என்னக்கா?"

"ஃப்ரீசர் கெடல. எல்லாத்தையும் அவளுக்கே போட்டேன். அஞ்சு நாளைக்கு ஒண்ணு. ஜூன்ல ரெண்டு ரெண்டா. அவ பாத்தாப்பா. நீ எழுதியிருந்த, நம்பாதன்னு. நான் நம்பிட்டேன். ஒன்கிட்ட பொய் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறையில் நாற்பது பேர் இருந்தாலும் அவன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப என் பழைய தராசு சரியாத்தான் இருந்துச்சா?" என்றான். "அதத் தூக்கிப் போட்டுட்டேனேக்கா."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த ஆள் போனா என் ரேடியேட்டர யாரு பாப்பா?" என்றார் சிரில்.

"ரேடியேட்டருக்காகல்லாம் வேணாம் சார்" என்றான் ராதிம். "வாக்கு வாக்குதான்." பெர்தாவைப் பைக்குள் விடத் தொடங்கினான்.

"இருங்க" என்றாள் ஹெட்விகா. "எதையும் முறையாப் பண்ணணும். அன்னிக்கு என்ன எழுதினீங்களோ அத மொதல்ல படிக்கறேன்." கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டி, ஒன்பது வருடத்துக்கு முந்தின பக்கத்தை எடுத்து, என் கையெழுத்தை உரக்கப் படித்தாள்: "பாம்பு, லிபுஷே வீட்டு நடையைவிட நீளமாக வளரக்கூடாது, அதாவது மூன்று மீட்டர்."

நிறுத்தினாள். இன்னொரு முறை தனக்குள் படித்தாள்.

"லிபுஷே, ஜனவரில ஒங்க நடையில மூணு நாப்பத்திரண்டு சட்டைய மாட்டியிருந்தீங்க."

"ஆமா."

"கதவு மேல மடங்கினது ஒரு ஜாண்தான். நான் பாத்தேன். ஒரு ஜாண்னா இருபது, இருபத்திரண்டு." அவள் கண் ஓரம் சுருங்கியது, துணியில் எங்கே வெட்டுவது என்று பார்ப்பவள்போல. "அப்ப ஒங்க நடை எப்படி மூணு மீட்டர் ஆகும்? யாராவது அத அளந்தீங்களா?"

ஒன்பது வருடமாக ஒருவரும் அளக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லார் வீட்டிலும் அதே நடை, அதில்தான் தினமும் செருப்பைக் கழற்றுகிறோம். நாற்பது பேரும் எழுந்தோம். லிஃப்டுக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஐந்து மாடி படியேறி, மூச்சு வாங்க, என் வாசலில் குவிந்தார்கள். பெர்தா பையோடு ராதிமின் கழுத்தில். ஹெட்விகா மண்டியிட்டு நாடாவின் ஒரு முனையை உள்கதவில் வைத்தாள், இன்னொரு முனையை வாசல் கதவில் ராதிமைப் பிடிக்கச் சொன்னாள்.

"படிங்க" என்றாள். "நீங்க படிச்சாத்தான் எல்லாரும் நம்புவாங்க."

ராதிம் குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"மூணு மீட்டர் இருபது" என்றான். "இன்னும் பதினாறு சென்டிமீட்டர் இருக்கு."

படிக்கட்டில் எழுந்த சத்தத்தில் கிட்டார் ராதிம்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். சிரில் என்னைக் கட்டிப்பிடித்தார், நடுவில் புரூனோ நசுங்கியது. ஹெட்விகா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "அமைதி, கூட்டம் இன்னும் முடியல" என்றாள். என் சமையலறை மேசையில் குறிப்பேட்டை விரித்து, பேனாவை என் கையிலேயே கொடுத்தாள். "எழுதுங்க. ஒண்ணு: எல்லை, லிபுஷே வீட்டு நடை, மூன்று மீட்டர் இருபது. ரெண்டு: லிபுஷே பெர்தாவுக்கு உணவு போடக்கூடாது, எக்காலத்திலும்."

"எக்காலத்திலும்னுமா?"

"எக்காலத்திலும்."

என் அழகான கையெழுத்தில் எழுதினேன். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். புரூனோவின் பாதத்தையும் மையில் தோய்த்து வைக்கலாம் என்றார் சிரில், ஹெட்விகா விடவில்லை.

இரண்டு நாள் ராதிம் வரவில்லை. மேலே காலடி மட்டும் கேட்டது. ஐந்தே முக்கால், ஆறு, ஆறேகால். அட்டைப்பெட்டி இழுக்கும் சத்தமும் கேட்டது, புத்தகங்களைத் திரும்ப எடுத்து வைக்கிறான் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் கதவு தட்டினான்.

"அக்கா, நீங்க பொய் சொன்னது எனக்கு வலிச்சுது" என்றான்.

"தெரியும்ப்பா."

"இன்னும் கொஞ்ச நாளைக்கு வலிக்கும்." சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தான். அவன் வீட்டுச் சாவி. "மே மாசம் முதுக மறுபடி காட்டணும். ஒரு வாரம் ஆகும். தண்ணி மாத்துங்க, சூடு பாருங்க. எலி மட்டும் நான் வந்து போடறேன்."

மே மாதம் போனான். முதல் நாள் மாலை நான் மாடியேறிப் போய்த் தண்ணீர் மாற்றினேன், சூடு பார்த்தேன், முப்பத்தொன்று. கதவைச் சாத்தித் திரும்பினால், பெர்தா தலையைத் தூக்கிக் கண்ணாடியோடு என் பின்னாலேயே வருகிறாள். அதே பார்வை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"பாக்காதடி" என்றேன். "எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு."